விளக்கெண்ணெய் நிலாக்கள்

அடுத்தவர் மலத்தைப் பார்ப்பது என் வேலை. இதை இப்படி நேராக எழுத எனக்கு மூன்று வருடம் பிடித்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாராவது கேட்டால், பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்வேன். என்ன பரிசோதனை என்பார்கள். கிருமி என்பேன். அது எங்கே இருக்கும் என்று விடாமல் கேட்கிறவர் கையில் பெரும்பாலும் சாப்பாட்டுத் தட்டு இருக்கும். நான் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்தக் கூச்சம் தேவைப்படவில்லை. அப்பா நகராட்சியில் வாளி வேலை பார்த்தார். மலாக்காவில் எங்கள் காஜா பேராங் வட்டாரத்து வீடுகளின் பின்சந்தில் நுழைந்து, கக்கூஸின் சின்னக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு கழுவின வாளியை வைத்துவிட்டு வருவார். தெருவில் பலர் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். வீட்டுக்குள் கூப்பிட மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்து, பண்டார் ஹிலிர் பகுதியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் பயிற்சி உதவியாளனாகச் சேர்ந்தேன். அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்டபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நான் வாளியில தூக்குறத நீ குச்சி முனையில தூக்கப் போற. நல்லது. குடும்பத் தொழில் விட்டுப் போகல" என்றார்.

அம்மா அடுப்படியில் இருந்தபடியே சிரித்தாள். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

கூடம் என்பது இரண்டே அறை. ஒன்றில் டாக்டர். மற்றதில் நானும் என் நண்பனும். அவன் எனக்கு ஒரு வருடம் முன்னால் சேர்ந்தவன். எங்கள் தெருவை ஒட்டி, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டிக் கம்பத்தில் வீடு. நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்கு வர மாட்டான். ஆனால் தமிழ் தெரியாது. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட குடும்பங்கள் அவர்களுடையவை. வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். அதன் நடுவே திடீரென்று ஒரு தமிழ்ச் சொல் எட்டிப் பார்க்கும். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவன் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். பாதிச் சுவை போய்விடும், என்ன செய்வது.

காலை எட்டு மணிக்கு மாதிரிகள் வரத் தொடங்கும். தீப்பெட்டியில் வரும், சிகரெட் டின்னில் வரும். புக்கிட் ரம்பாய் பக்கமிருந்து ஒருவர் வாழையிலையில் மடித்து, நார் கட்டி, கோயில் பிரசாதம் போல இரண்டு கையாலும் நீட்டினார். குச்சி முனையில் கடுகளவு எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு பக்கம் உப்புநீர்ச் சொட்டிலும் மறுபக்கம் அயோடின் சொட்டிலும் கலக்கி, மெல்லிய கண்ணாடியால் மூடி, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைக்க வேண்டும். உப்புநீரில் உயிரோடு இருப்பவை நகரும். கூடு கட்டிக்கொண்டு உறங்குபவை அயோடினில் பழுப்பு மஞ்சளாக நிறம் ஏறி, தங்களுக்குள் இருக்கும் கருக்களைக் காட்டும். அந்தக் கருக்களை எண்ணுவதுதான் எங்கள் படிப்பில் பாதி. நாலு வரை இருந்தால் வயிற்றுக்கடுப்பைக் கொண்டுவரும் அமீபா. எட்டு வரை போனால் அதன் சாது உறவுக்காரன். குடலில் குடியிருக்கும், ஆனால் யாருக்கும் தொந்தரவு கிடையாது.

உயிருள்ள அமீபாவை முதன்முதலில் பார்த்த காலை நன்றாக நினைவிருக்கிறது. கடுப்போடு வந்த ஒரு மீனவரைக் கூடத்தின் பின்புறக் கழிப்பறைக்கே அனுப்பி, சூடு ஆறுவதற்குள் எடுத்த மாதிரி அது. ஆறிவிட்டால் அமீபா உருண்டையாகச் சுருண்டுகொள்ளும், அடையாளம் தெரியாது. நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடி போல ஒரு துளி. அது ஒரு பக்கம் விரல் நீட்டியது. பிறகு உடம்பு முழுவதும் அந்த விரலுக்குள் வழிந்து போயிற்று. மறுபடியும் ஒரு விரல். ஒரே ஒரு செல். கையில்லை, காலில்லை, மூளையில்லை, அப்படியும் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். எங்கள் வம்சத்தில் இதை வயிற்றில் சுமந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். கண்ணால் பார்த்தவன் நான்தான்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு வாய் இருக்கா?"

"இல்லம்மா. உடம்பே வாய்தான்."

"கண்ணு?"

"கண்ணும் இல்ல."

"அப்புறம் எப்படி நம்ம வயித்துக்கு வழி கண்டுபிடிச்சு வருது?"

அதுவாக வருவதில்லை, தண்ணீரிலும் ஈயிலும் கழுவாத கையிலும் நாமே அழைத்து வருகிறோம் என்று விளக்கினேன். விளக்கியதோடு நிறுத்தவில்லை. அந்த வாரத்திலிருந்து எங்கள் வீட்டில் கொதிக்காத தண்ணீர் கிடையாது. சோப்பில்லாமல் யாரும் தட்டில் கை வைக்கக் கூடாது. நறுக்கி வைத்த பழத்தின்மேல் துணி மூட வேண்டும். அப்பா எனக்குக் கிருமி தொரை என்று பெயர் வைத்தார். தெருவில் டாக்டர் தம்பி என்றார்கள், பாதி மரியாதையாகவும் பாதி கிண்டலாகவும். அப்போது எனக்கு அடிக்கடி ஏப்பம் வரும், அழுகின முட்டை வாடையோடு. அம்மா முகம் சுளித்து என்னடா இது என்பாள். பருப்பு சரியாக வேகவில்லை என்று நான் அவள் மேலேயே பழியைப் போட்டேன்.

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் தோரணம் கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் வட்டாரத்துப் பள்ளித் திடலில் சுதந்திர நாளன்று மத்தியானம் ஒரு பொதுவிருந்து வைப்பதென்று முடிவானது. மலாய்க்காரர், சீனர், செட்டிக் கம்பத்தார், தமிழர், எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதனால் மரக்கறிச் சமையல். அம்மா அந்தப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தாள். விளையாட்டுப் போட்டி நாளன்று சமையல்காரர் வராமல் போக, அவசரத்துக்கு அவள் வைத்த சாம்பாரைத் தலைமையாசிரியர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அவர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, விருந்துச் சமையலை நீங்கள்தான் எடுத்துச் செய்ய வேண்டும் என்றார். துணைக்கு நாலு பெண்கள். அதில் ஒருவர் என் நண்பனின் அம்மா; மிளகாய்ச் சம்பாலும் காய்கறி அச்சாரும் அவர் பொறுப்பு.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குச் சொன்னால்தான் புரியும். அந்தத் தெருவில் வாளிக்காரர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இருந்தார்கள். இப்போது அந்த வீட்டுக்காரி கையால் தெருவே சாப்பிடப் போகிறது. அம்மா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்திரங்களின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள்: பெரிய அண்டா, கோயில் அண்டா, இரண்டு கைப்பிடி உருளி. சோற்றுக்குப் பதம் பார்ப்பதுபோல் வெறும் விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொள்வாள்.

பொதுச் சமையல் செய்கிறவர்கள் எல்லாரும் மலப் பரிசோதனை செய்து சான்று காட்ட வேண்டும் என்று விதி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் கூடத்துக்குத்தான் வர வேண்டும். ஐந்து பெண்களையும் எங்கள் வீட்டில் உட்கார வைத்து, எப்படி எடுக்க வேண்டும், எதில் கொண்டுவர வேண்டும், தண்ணீர் படக் கூடாது என்றெல்லாம் பாடம் நடத்தினேன். சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

மாதிரிகள் வந்த அன்று நண்பன் டாக்டரோடு ஒரு தோட்டத்துக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தான். நான் தனி. அம்மாவின் மாதிரியை நான் பார்த்திருக்கக் கூடாது என்று இன்று தெரிகிறது. அன்று அதுவே ஒரு கௌரவமாகப் பட்டது. முதல் தகட்டை வைத்துக் குனிந்தேன். வட்ட வட்டமாக, பளபளவென்று, பௌர்ணமியை உடைத்துத் தூவியதுபோல் நிறைந்திருந்தன. அமீபாக் கூட்டின் சரியான அளவு. சரியான உருண்டை. அடுத்த தகடு, அதிலும் அப்படியே. ஐந்திலும் அப்படியே.

அயோடின் பக்கம் நகர்த்தினேன். அங்கேயும் வட்டங்கள் இருந்தன. ஆனால் நிறம் ஏறவில்லை, கருவும் தெரியவில்லை. ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும். ஆனால் அயோடினை நாள் தவறாமல் புதிதாகக் கலக்க வேண்டிய முறை அப்போது என்னுடையது, நான் மறந்திருந்தேன். புட்டியைத் தூக்கிப் பார்த்தேன், வெளுத்திருப்பதுபோல் தோன்றியது. ஆகவே என் கண்ணைச் சந்தேகிக்க வேண்டிய இடத்தில் அயோடினைச் சந்தேகித்தேன். ஐந்து பேர் பெயருக்கு நேரேயும் 'கூடுகள் காணப்பட்டன' என்று முத்து முத்தாக எழுதினேன். டாக்டர் களைத்துப்போய் வந்தவர், என் எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாளே விருந்துக் குழு கூடியது. அறிக்கைத் தாளைக் கொடுக்கப் போன நான் வாசலில் நின்றேன். குழுவில் குமாஸ்தா வேலை பார்க்கும் ஒரு கிராணி இருந்தார். எப்போதும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பிள்ளைகளுக்குப் பன்னும் ஆரஞ்சு சோடாவும் கொடுத்தால் போதும், அதுதான் சுத்தம் என்று அவர் முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர். தாளைப் படித்துவிட்டு மடித்தார்.

"வாளி வீட்டுச் சமையல்னா வயித்துல வேற என்னா இருக்கும்?" என்றார்.

தலைமையாசிரியர் அவரை அதட்டினார். ஆனால் தாள் என் கையெழுத்தில் இருந்தது. நான் வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து பேருக்கும் வயிற்றில் கிருமிக் கூடு இருக்கிறது, சமைக்க விட மாட்டார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம்.

"எப்படிடா இருக்கும்? அஞ்சு பேரும் சுத்தமாக் கழுவிட்டுத்தான அனுப்பினோம்?"

"என்னத்தக் கழுவினீங்க?"

"வயித்தத்தான். மொத நாளே விளக்கெண்ணெய் குடிச்சோம். நான்தான் எல்லாருக்கும் ஊத்திக் குடுத்தேன், சுக்குத் தண்ணியில. ஒங்கூட்டாளியோட அம்மா மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடிச்சிச்சு, பாவம்."

ஏன் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாத பிள்ளையைப் பெற்றோமே என்பதுபோல் என்னைப் பார்த்தாள். கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். தொரை தொழிலாளர் லயத்தைப் பார்வையிட வருகிறார் என்றால் முதல் நாளே கழுவி, சுண்ணாம்பு அடித்து, கால்வாயில் மருந்து ஊற்றி வைக்க வேண்டும். அழுக்கைக் காட்டினால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் விட மாட்டார். பார்வையிட ஆள் வருகிற இடத்தைப் பெருக்காமல் விடுவார்களா? அதுவும் பார்க்கப் போகிறவன் பெற்ற பிள்ளை. குப்பையோடு அனுப்பினால் அவனுக்கல்லவா கேவலம்.

விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கேட்டேன். அடியில் இரண்டு விரல் உயரம் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலையில் கூடம் திறந்ததும் முதல் வேலையாக, உப்புநீர்ச் சொட்டில் குச்சி முனையளவு விளக்கெண்ணெயைக் கலக்கித் தகட்டை வைத்தேன். குனிந்தேன். அதே நிலாக்கள். வட்ட வட்டமாக, பளபளவென்று, உள்ளே ஒன்றுமில்லாமல். மெல்லிய கண்ணாடியை ஊசியால் லேசாக அழுத்தினேன். இரண்டு நிலா ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பெரிய நிலா ஆயிற்று. உயிருள்ள எதுவும் அப்படிச் செய்யாது. நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "அலாமாக்" என்று மட்டும் சொன்னான், ஐயையோ என்பதற்கு மலாயில் அப்படித்தான். பிறகு, தன் அம்மா அன்றைக்கு வீட்டின் பின்பக்கத்தை விட்டு நகரவே இல்லை, யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று தன் அப்பா எலுமிச்சம்பழம் வாங்கப் போனார் என்று சொல்லிச் சிரித்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு நானும் சிரித்தேன். டாக்டர் எட்டிப் பார்த்தபோது இருவருக்கும் கண்ணில் தண்ணீர்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அயோடினை மறந்ததையும் சேர்த்து. அவர் என் எண்ணெய்த் தகட்டையும், மிச்சமிருந்த மாதிரியில் புதிதாகப் போட்ட ஒரு தகட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். எண்ணெய் குடித்திருக்கிறார்களா என்று தானும் கேட்டிருக்க வேண்டும் என்றார். ஒரு வாரம் எண்ணெய் இல்லாமல் இருந்துவிட்டு ஐந்து பேரும் நேரே கூடத்துக்கு வர வேண்டும், அதுவரை முந்தைய அறிக்கை செல்லாது என்று தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி, அதை என் கையிலேயே கொடுத்தனுப்பினார். பிழை என்னுடையது என்று நானே குழுவுக்கு முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவர் நிபந்தனை. சொன்னேன். கிராணி, ரொட்டிக் கடையில் ஏற்கனவே பேசியாகிவிட்டதே என்றார். தலைமையாசிரியர், விருந்துக்கு முந்தின வாரம் வரை பொறுப்போம் என்றார்.

அந்த ஒரு வாரம் அம்மா தினமும் பாத்திரக் கணக்கைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஐந்து பெண்களும் ஒருவரை ஒருவர் காவல் காத்தார்கள். யாருக்காவது வயிறு மந்தமாக இருந்தால்கூட, எண்ணெய்ப் புட்டி இருக்கும் திசையையே பார்க்கக் கூடாது.

குறித்த நாளன்று ஐவரும் கூடத்துக்கு வந்தார்கள். கோயிலுக்குப் போகிற புடவை, தலையில் பூ. நண்பனின் அம்மா மட்டும் கபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் உடுத்தி, தங்க ஊசி குத்திக்கொண்டு வந்திருந்தார். பெண் பார்க்க வந்தவர்களைப்போல் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவராகப் பின்புறம் போய் வர ஏற்பாடு. அம்மா எழுந்திருக்கும்போது என்னைக் கேட்டாள்.

"அன்னைக்குப் பரிமாறப் போறது யாரு?"

"நான், இவன், இன்னும் நாலஞ்சு பேர்."

"சமைக்கிறவ வயித்தப் பாப்பீங்க. பரிமாறுறவன் வயிறு மட்டும் கண்ணாடியா? நீயும் குடு."

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். டாக்டர் அறையிலிருந்தும் ஒரு குரல் ஆமோதித்தது. நானும் கொடுத்தேன். என் நண்பனும் கொடுத்தான்.

அம்மாவின் தகட்டை நண்பன் பார்ப்பதென்றும் அவன் அம்மாவுடையதை நான் பார்ப்பதென்றும் வைத்துக்கொண்டோம். அயோடினை அன்று காலைதான் கலக்கியிருந்தேன். நான் குனிந்த இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு கூடு அகப்பட்டது. பழுப்பு மஞ்சள் உருண்டை. இந்த முறை எண்ணெய் இல்லை, சந்தேகமே இல்லை. உள்ளே கருக்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலோடு நின்றுவிட்டது. என் முதுகுக்குப் பின்னால் நண்பனின் அம்மா பூவைச் சரிசெய்துகொள்ளும் வளையல் சத்தம் கேட்டது. ஆனால் ஒருமுறை சூடுபட்டவன் அல்லவா, எழுதவில்லை. சின்னத் திருகை நூலளவு திருப்பினேன். மேலே இருந்த நாலும் மங்க, அடியிலிருந்து வேறு ஒன்று எழும்பி வந்தது. ஐந்து. இன்னும் நூலளவு. ஆறு. ஏழு. தகட்டின் ஓரத்தை ஊசியால் தட்டி உருண்டையைப் புரட்டினேன். எட்டு. சாது உறவுக்காரன். மூன்று முறை எண்ணிவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவரும் எட்டு என்றார்.

மற்ற நாலு பேரிடமும் ஒன்றுமே இல்லை. நண்பன் என் அம்மாவின் தகட்டைப் பார்த்து முடித்து, சுத்தம் என்று சொன்னபோது மலாயில் சொன்னானா தமிழில் சொன்னானா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவன் உடனே அடுத்த தகட்டை வைத்தான். குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். அவன் தோள் குலுங்கத் தொடங்கியது.

"இது யாருடையது தெரியுமா?" என்றான்.

அது என்னுடையது. நான் பார்த்தேன். அமீபா இல்லை, இது வேறு. பேரிக்காய் போன்ற உடல், வால் போல மயிரிழைகள், காற்றில் உதிர்கிற இலைபோல் புரண்டு புரண்டு மிதந்தது. ஒன்றல்ல, ஒரு திருவிழாக் கூட்டமே இருந்தது. ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் இரண்டு வட்டக் கருக்கள், கண்களைப் போல. புத்தகத்தில் எத்தனையோ முறை படம் பார்த்திருக்கிறேன். ஜியார்டியா. அழுகின முட்டை ஏப்பம். பாவம், அம்மாவின் பருப்பு.

எங்கிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, நான் மட்டும் தினமும் வேலை முடிந்ததும் ஒரு வண்டிக்காரரிடம், சீவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றின ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தேன். பனிக்கட்டியும் தண்ணீர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அதையும் அங்கேயே ஒப்புக்கொண்டேன்.

அம்மா தானும் பார்க்க வேண்டும் என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு இல்லேன்னு சொன்னியே? ரெண்டு கண்ணு இருக்கு. ஒன்னை மாதிரியே முழிக்கிது."

அது கண்ணல்ல, கரு என்று விளக்க ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, பெஞ்சு முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. நண்பனின் அம்மா மைக்ராஸ்கோப்புக்கு அடுத்த ஆளாக வரிசையில் நின்றார். அம்மா நிமிர்ந்து, தன் சான்றிதழை வாங்கி இரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, தீர்ப்பைச் சொன்னாள்.

"அண்டாப் பக்கம் நீ வரக் கூடாது."

எனக்கு மெபாக்ரின் மாத்திரை கொடுத்தார்கள். மலேரியாவுக்குக் கொடுக்கும் அதே கசப்பு மாத்திரைதான். அதற்கு ஒரு குணம் உண்டு, ஆளை மஞ்சளாக்கும். விருந்து நாள் விடிந்தபோது என் உள்ளங்கையும் கண்ணோரமும் நன்றாக மஞ்சள் பூத்திருந்தன. வெள்ளைச் சட்டையில் அது இன்னும் தெரிந்தது. தெருவில் போனால், நலங்கு முடிஞ்சிருச்சா, பொண்ணு யாரு என்று கேட்டார்கள். அப்பா எல்லாருக்கும் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு வயித்துக்குள்ளேயே நிறையச் சொந்தக்காரங்க, அவங்கள வழியனுப்புற விசேஷம் என்றார்.

திடலில் கொடி ஏறியிருந்தது. பிள்ளைகள் காகிதக் கொடிகளோடு ஓடினார்கள். மூன்று கோட்டை அடுப்பில் அண்டாக்கள் கொதித்தன. அம்மா அவற்றுக்கு நடுவே அகப்பையோடு நின்றாள், பாண்டு வாத்தியக்காரர்களை நடத்துகிறவரைப் போல. எனக்குக் குழாயடியில் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு சோப்புக்கட்டி, ஒரு வாளி, ஒரு துண்டு. என்னைக் கடந்து கை கழுவாமல் ஒருவரும் பந்திக்குப் போக முடியாது. மலாய்க்காரப் பாட்டனார் ஒருவர் என் மஞ்சள் கையைப் பார்த்து, இந்தச் சோப்பு நல்ல சோப்புதானா என்று விசாரித்தார். சீனக் கடை முதலாளியான தவுக்கே ஒருவர் தன் நாலு பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்திக் கழுவ வைத்துவிட்டு, தானும் கழுவினார். அப்பாவும் வந்தார். முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு போய், தெருக்காரர்கள் நடுவே, தலைமையாசிரியர் பிடித்து வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

கிராணியும் வந்தார். சட்டைக் கையைக் கவனமாக மடித்து, என் முகத்தைப் பார்க்காமல் கழுவினார். நகத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார். இன்னொரு முறை கழுவச் சொன்னேன். கழுவினார். பிறகு அவர் பந்தியில் சாம்பாருக்கு மூன்றாம் முறை கையைத் தூக்கியதைக் குழாயடியிலிருந்தே பார்த்தேன். பரிமாறிய நண்பன், அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினான்.

கடைசிப் பந்தி எழுந்த பிறகு, அம்மா ஒரு தட்டில் சோறு போட்டு, சாம்பார் ஊற்றி, கத்தரிக்காய்ப் பிரட்டலும் அச்சாரும் அப்பளமும் வைத்து, குழாயடிக்கு எடுத்து வந்தாள். ஐந்து அடி தள்ளி இருந்த கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். அடுப்புப் புகையில் கண் சிவந்து, முகமெல்லாம் வியர்வை. இப்படி அவள் நின்று நான் பார்த்ததில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, திடலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துக்கொண்டு.

"எல்லாம் காலி. அண்டாவுல அடிதான் தெரியுது" என்றாள்.

நான் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பருப்பு பூப்போல வெந்திருந்தது. அதைச் சொன்னேன். இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டும் என்றும் சொன்னேன்.

"தட்டக் கல்லு மேலயே வச்சிட்டுத் தள்ளி நில்லு. நான் வந்து ஊத்துறேன்" என்றாள் அம்மா.